எல்லாம் செட்டா?

போன வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் பல் டாக்டர் அச்சு எடுக்க என் வாய் நிறைய ரோஸ் நிறப் பசையை அப்பினார். புதினாவும் சுண்ணாம்பும் கலந்த வாசனை. நம் ஹாஸ்டலில் காலையில் வரிசையில் நின்று உள்ளங்கையில் வாங்குவோமே, அந்தப் பல்பொடியின் வாசனை அப்படியே. "அசையாம, பேசாம இருங்கம்மா. செட் ஆவட்டும்" என்றார். ஆனதும் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பிரமாதமா செட் ஆயிருக்கு" என்றார். பிறகு மேல் பக்கத்துக்கு இன்னொரு முறை அப்பிவிட்டு, உதவிக்கு நின்ற பெண்ணிடம் திரும்பினார். "அம்மாவுக்குப் பல் செட்டு அடுத்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லிடு. அந்த ஸ்டீல் செட்டைக் கழுவி வெச்சுடு. ஏசிய கொஞ்சம் கம்மியா செட் பண்ணு."

என் வாய் மட்டும் எனக்குச் சொந்தமாக இருந்திருந்தால் ஒவ்வொரு செட்டுக்கும் உரிய சொல்லை எடுத்துக் கொடுத்திருப்பேன். முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. "வலிக்குதாம்மா?" என்று பதறினார் டாக்டர். வலியில்லை, சிரிப்பு. வாய்வழி அடைபட்டிருந்ததால் கண்வழி வந்தது. பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்துகொண்டு, "மதர் சுப்பீரியர் வாய அடைக்கிறதுக்கு எவ்வளவு பசை வேண்டியிருக்கு பாத்தீங்களா டாக்டர்?" என்று கேட்பது அவ்வளவு துல்லியமாக என் காதில் விழுந்தது.

அந்தச் சொல் எங்கே காதில் விழுந்தாலும் நீ வந்து உட்கார்ந்துவிடுகிறாய். அது விழாத இடம் ஏது? அதனால்தான் உனக்கு ஒரு மடல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் சிஸ்டர் கரும்பலகையில் அந்த மூன்றெழுத்துச் சொல்லை எழுதி, ஆளுக்கு ஒரு வாக்கியம் கேட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். நான் எழுந்து, சூரியன் மேற்கே மறைகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். குற்றம் சொல்ல முடியாத வாக்கியம். அடுத்து நீ எழுந்தாய். எழுந்தவள் உட்காரவேயில்லை. மேசையில் தட்டு எடுத்து வைப்பதும் செட். கடிகாரத்தில் அலாரம் வைப்பதும் செட். எலிக்குப் பொறி வைப்பது, முறிந்த எலும்பைக் கூட்டுவது, பரீட்சைக்குக் கேள்வி போடுவது, பயணம் கிளம்புவது, ஹாஸ்டல் ஃபீஸ்ட் விருந்தில் மதர் கண்முன்னால் ஜெல்லி இறுகுவது, ஒரே மாதிரி ஆறு டம்ளர், டென்னிஸில் ஒரு சுற்று எல்லாம் செட். மணி அடித்துவிட்டது. பெண்கள் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நீ கையை ஆட்டி ஆட்டி, "இன்னும் ஒண்ணே ஒண்ணு சிஸ்டர், எங்க வாப்பா கடையில ரேடியோ செட்டு இருக்கு" என்றாய். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அகராதிக்காரர்கள் இந்தச் சொல்லுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறார்கள். உன்னை அனுப்பினால் இன்னும் நாலு பக்கம் கேட்பாய்" என்றார்.

எனக்கு எரிச்சல்தான். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பது என் கட்சி. ஒரே பாத்திரத்தில் ரசமும் பாயசமும் ஊற்றிப் பரிமாறுகிறவளைப் பார்ப்பதுபோல உன்னைப் பார்த்தேன். அன்று மாலையே அதை உன்னிடம் சொல்லவும் செய்தேன். நீ நம் கான்வென்ட் தலைவி முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டி, தலையைக் குனிந்து, "சரிங்க மதர் சுப்பீரியர்" என்றாய். அந்தப் பட்டம் அன்று ஒட்டிக்கொண்டது. என்னைப் பெற்றவர்கள் வைத்த பெயரை நீ அதற்கப்புறம் சொல்லி நான் கேட்டதில்லை.

பத்தாவது முடித்ததும் உன்னை முத்துப்பேட்டைக்கு அழைத்துப்போய் நிக்காஹ் முடித்துவிட்டார்கள். நான் மேலே படித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகிப் பூதலூர்ப் பக்கம் வந்த புதிதில், ஓடாத ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், 'மைக் செட், சீரியல் செட், ஜெனரேட்டர் செட் வாடகைக்குக் கிடைக்கும்' என்று ஒரு போர்டு. போர்டுக்குக் கீழே, சுருள் சுருளாகக் கிடந்த ஒயர்களுக்கு நடுவில், தலையில் முக்காட்டோடு நீ. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க மதர்! போர்டுல தப்பு கிப்பு இருந்தா சொல்லுங்க, அழிச்சுட்டு எழுதிடறோம்" என்றாய். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் ஊர், அந்தப் பக்கம் உன் கடை. இடையில் ஒரு மதகுப் பாலம். காவிரி அவ்வளவுதான் நம்மைப் பிரித்து வைத்திருந்தது.

முத்துப்பேட்டையிலிருந்து வந்து கடை போட்ட உன் வீட்டுக்காரர் வளைகுடாவுக்குப் போன பிறகு கடையை நீயே பார்த்துக்கொண்டாய். கோயில் திருவிழா, காதுகுத்து, தர்கா கந்தூரி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் உன் செட்தான். அறிவிப்புச் சொல்ல ஆள் கிடைக்காவிட்டால் நீயே மைக்கின் முன்னால் போய் நிற்பாய். பேசுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரல் நகத்தால் இரண்டு தட்டு. பிறகு ஒரு ஊதல். "ஹலோ, மைக் டெஸ்டிங்." வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அடுக்களையில் நிற்கும் எனக்கு அந்த இரண்டு தட்டிலேயே தெரிந்துவிடும், இன்று உன் வாய்தான் என்று.

அந்த நாளில்தான் நம் பந்தயம் தொடங்கியது. நீ அந்தச் சொல்லைச் சொல்வாய். அதற்கு ஈடாக நான் ஒரு நல்ல சொல் தர வேண்டும். தர முடியாவிட்டால் திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வாங்கி வர வேண்டும். பேண்டு செட்டுக்கு வாத்தியக் குழு என்றேன். ஒப்புக்கொண்டாய். பம்ப் செட்டுக்கு நீரிறைக்கும் இயந்திரம் என்றேன்.

"யாருடி அப்படிச் சொல்லுவா? நீ அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கரண்டு போயிடும்."

"கரண்டு போனா என்ன? சொல் சரியா இல்லையா?"

"சொல்லு சரிதான். வயலு காஞ்சுடும்."

நடுவர் யாரும் இல்லாததால் பாதிப் பந்தயம் சண்டையில்தான் முடியும். ஆனால் ஒரு தடவை நீ என்னை ஒழுங்காகவே தோற்கடித்தாய். உங்கள் தெருவில் ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பற்றி, "ரெண்டு பேருக்கும் செட் ஆவல" என்றாய். ஒத்துப்போகவில்லை என்று சொல், அது போதும் என்றேன்.

"இல்லடி. ஒத்துப்போவலன்னா சண்டை. செட் ஆவலன்னா சண்டையே கிடையாது. அவன் மேல குத்தம் இல்ல, இவ மேலயும் இல்ல. சும்மா, ஆவல. நேரம் கொடுத்தா ஆவும். இதுக்கு ஒரு சொல்லு கொடு, பாப்போம்."

நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் திருவையாற்றுக்குப் பஸ் ஏறினேன்.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. "நம்ம செட்டு" என்பாய், நம் இருவரையும் சேர்த்து. தோழிகள் என்றேன். "தோழிங்க பேசிக்குவாங்க. நாம சண்டைதானே போட்டுக்கிறோம்" என்றாய். வகுப்புத் தோழிகள் என்றேன். "பாதியிலயே என்னை நிறுத்திப்புட்டாங்களே." நம் தலைமுறை என்றேன். "கெழவியாக்கிட்டியே." அந்த வழக்கை முடிக்காமலே தள்ளிவைத்தோம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உன் தொழிலில் ஒரு முறை உண்டு. அதை நான் தெரிந்துகொண்டது எங்கள் ஊர்த் திருவிழாவில். ஒரு வீட்டு அண்ணன் தம்பியில் அன்னதானம் போட்டவர் தம்பி. உன் ஆபரேட்டர் அண்ணன் பெயரை வாசித்துவிட்டார். தம்பி வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் உன்னிடம் வந்து, வெற்றிலை பாக்கோடு அவர் வீட்டுக்குப் போய் வருத்தம் சொல்லிவிட்டு வந்துவிடு என்றார்கள். நீ போகவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு, அதே மரத்தில் கட்டியிருந்த அதே கூம்பு ஒலிபெருக்கியில், தம்பியின் பெயரை அப்பா பெயரோடும் தாத்தா பெயரோடும் நீயே மூன்று முறை வாசித்தாய். நான் உன்னிடம், நேரில் போய்ச் சொன்னால் மரியாதையாக இருந்திருக்குமே என்றேன்.

"கொழாயில போனத கொழாயிலதான் திருப்பணும்" என்றாய். உங்கள் ஆட்கள் அந்தக் கூம்பைக் கொழாய் என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போயி காதுல சொன்னா அந்தக் காது மட்டும்தான் சமாதானமாவும். ஊரு காது அப்படியேதானே இருக்கும்?"

மைக் செட்காரர்களின் சட்டம் நமக்கு எதற்கு என்று அன்று சிரித்துவிட்டு வந்தேன். என் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் அது என் வீட்டு வாசலுக்கே வந்தது.

என் வீட்டுக்காரர் காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணத்தைத் தனியாக எடுத்து நடத்துகிறேன் என்று எனக்கு ஒரு கர்வம். பந்தல்காலின் உயரத்திலிருந்து பந்தியில் வைக்கும் உப்பு வரை நானே பார்த்தேன். பந்தல் வாசலில் நின்று வரவேற்பதற்குச் சுமங்கலியாக யாரையாவது நிறுத்திவிடலாம் என்று சில பேர் இழுத்தார்கள். நீ மரத்தில் ஏறி நின்ற ஆபரேட்டருக்குச் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்க, "பொண்ணப் பெத்தவ நிக்கிற எடத்துல வேற யாரு நின்னாலும் மைக்க ஆஃப் பண்ணிடுவேன்" என்றாய். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. நான்தான் நிற்கப் போகிறேன் என்று முடிவானது.

சம்பந்தி தாராசுரத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவர். மத்தியானம் வண்டியிலிருந்து இறங்கியதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன சம்பந்தியம்மா, எல்லாம் செட்டா?" என்றார். நான், "எதைக் கேக்கறீங்க? பந்தலா, பந்தியா, ஜாகையா?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். மூன்றுக்கும் மூன்று பதில் என்னிடம் இருந்தது. அவர், "இல்ல, சும்மா கேட்டேங்க" என்று சொல்லிவிட்டு, தங்கலுக்கு விட்டிருந்த எதிர்வீட்டுக்குள் போய்விட்டார். நீ என் பின்னால் நின்று, "இன்னிக்கு ஒரு ஆளு ஃபெயில்" என்று முணுமுணுத்தாய்.

விளக்கு வைக்கும் நேரம். மாப்பிள்ளை அழைப்புக்கு இன்னும் பொழுது இருந்தது. நான் பின்கட்டில் பாலுக்கு உறை குத்திக்கொண்டிருந்தேன். நாலு தென்னை மரத்திலும் உன் கொழாய்கள் பாடிக்கொண்டிருந்தன. கேசட் முடிந்தது. ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தார். பந்தல் வாசலில் வரவேற்புக்கு வைத்திருந்த மைக் மட்டும் உயிரோடு இருந்தது. அது தெரியாமல் சம்பந்தி தன் பங்காளி ஒருவரோடு அதன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று நாலு மரத்திலிருந்தும் அவர் குரல் இறங்கியது.

"அந்தம்மாகிட்டப் பேசுறது பரீட்சை ஹால்ல உக்காந்திருக்க மாதிரி இருக்குய்யா. எல்லாம் செட்டான்னு கேட்டேன். ஊரு உலகத்துல கேக்குறதுதானே? எதைக் கேக்கறீங்கங்குது. எனக்கு வேர்த்துப்போச்சு. பொண்ணும் இதே மாதிரி வளந்திருந்தா எம்பையன் வாயத் தொறக்க முடியாதுய்யா. மருமவ வருதா, ஹெட்மிஸ்ட்ரஸ் வருதான்னு தெரியல. கான்வென்ட்டு வீட்டுப் பொண்ணு வேணாம்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க. கேட்டனா?"

மைக்கை நோக்கி நீ ஓடிவந்தபோது எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. வாய்க்காலைத் தாண்டி உன் கடைத்தெரு வரை கேட்டதாம். அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் உறை குத்திய பாத்திரத்தை மூடினேன். கையைக் கழுவினேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கொழுந்தனார் வந்து கூப்பிட்டதற்கு, "நீங்களும் ஓர்ப்படியும் முன்னால நின்னு நடத்துங்க. நான் பந்தலுக்கு வரல" என்றேன்.

ஐந்து நிமிஷத்தில் அடுத்த அறையிலிருந்து மகளின் பதில் வந்தது. "அம்மா நிக்கலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்." என் பெண் அல்லவா. எதிர்வீட்டில் சம்பந்தி சட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றாராம். வெட்கத்தில் ஊருக்கே திரும்பிவிடுவதா, உட்காருவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை பாவம், அப்பாவையும் பார்த்து, தெருவையும் பார்த்து நின்றார். பேண்டு செட்காரர்கள் டிரம்மின் மேல் கையை வைத்துக்கொண்டு, அடிக்கலாமா வேண்டாமா என்று காத்திருந்தார்கள். விடிந்தால் கல்யாணம். அது நடக்குமா என்பது இரண்டு கதவுகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

நீ வந்தாய். கதவைத் தட்டவில்லை. நகத்தால் இரண்டு தட்டு. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றாய்.

"போயிடு."

"போறேன். தெறந்துட்டு அதச் சொல்லு."

திறந்தேன்.

"அழுதியா?"

"நான் அழல."

"சரிங்க மதர், அழல. மூக்கு மட்டும் ஒழுவுது." கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "என் ஆளு சுவிட்ச நிறுத்தாமப் போனது தப்பு. அவன நான் பாத்துக்கறேன். இப்ப நீ என்ன செய்யப்போற?"

"அவர் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்."

"வருவாரு. அறைக்குள்ள வந்து கேட்டா ஒனக்குக் கேக்கும். தெருவுக்கு?" நான் முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். "கொழாயில போனத கொழாயிலதான் திருப்பணும்னு நான் சொல்லலை?"

"அது உன் ஆள் தப்பா வாசிச்சதுக்கு. இது வேற."

"எல்லாத்துக்கும் அதான்டி. அந்த மனுசன் ஒன்னைத் திட்டல. ஒங்கிட்ட பயந்தாரு. நாலு மரத்துல கட்டி பயந்தாரு, அவ்வளவுதான். பயந்த ஆளுகிட்ட யாரு மொதல்ல பேசணும்? பரீட்சை வெச்ச ஆளா, எழுதுன ஆளா?"

உன்னோடு வாதாடி நான் ஜெயித்ததே கிடையாது, சொற்களைத் தவிர. எழுந்து முகத்தைக் கழுவினேன். பட்டுப்புடவையின் மடிப்பைச் சரிசெய்தேன். நீ எனக்கு முன்னால் நடந்து போய், "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று மைக் வரை ஆட்களை விலக்கினாய். போகும்போது திரும்பி, "நல்ல தமிழ்ல பேசித் தொலைச்சுடாத. அவரு மறுபடி சட்டைய மாட்டிக்குவாரு" என்றாய்.

அதுவரை நான் ஒலிபெருக்கியில் பேசியதில்லை. மேடையில் பேசியிருக்கிறேன், கான்வென்ட் ஆண்டுவிழாவில், மனப்பாடம் செய்து. இங்கே என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நகத்தால் இரண்டு தட்டினேன். தெரு அமைதியானது. பிறகு என் குரல் தென்னை மரத்திலிருந்து எனக்கே திரும்பி வந்தது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வணக்கம். மத்தியானம் சம்பந்தி ஐயா எங்கிட்ட எல்லாம் செட்டான்னு கேட்டாங்க. பதில் பாக்கி இருக்கு. இப்ப சொல்றேன். பேண்டு செட்டு வந்தாச்சு. மைக் செட்டு எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்."

 எங்கோ ஒரு கிழவர் முதலில் சிரித்தார். அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. நீ என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாய், நிறுத்தாதே என்று.

"பந்தலுக்குத் தண்ணி பம்ப் செட்டுலேருந்து வருது. சமையலுக்கு ரெண்டு செட்டு ஆளு. பொண்ணுக்கு நகை செட்டு போட்டாச்சு. சீரியல் செட்டு இப்ப எரியும். தயிரு இன்னும் செட் ஆவல, காலையில ஆயிடும். எங்க வீட்டுக்கும் ஒங்க வீட்டுக்கும்தான் இன்னும் சரியா செட் ஆவல. அது யாரு மேலயும் குத்தம் இல்ல. சம்பந்தி ஐயா பந்தலுக்கு வந்தா ஒரு காபியில ஆயிடும்."

அந்தச் சொல்லை நான் வாயால் அப்படிப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. அதுவும் ஊர் முழுக்க. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சம்பந்தி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே தெருவைக் கடந்து வந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். கையைக் கூப்பினார். நீ சும்மா விடவில்லை. மைக்கை அவர் பக்கம் சாய்த்து, "இதுல சொல்லுங்க" என்றாய். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் மண்டிக் குரலில் கேட்டார்.

"சம்பந்தியம்மா, நான் பாஸா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். பேண்டு செட்காரர்கள் யாரையும் கேட்காமல் அடித்துவிட்டார்கள்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது நீ என் காதருகே வந்து, "நேத்து மைக்குல சொன்ன ஒவ்வொரு செட்டுக்கும் அசோகா வரணும்" என்றாய். அது உன் பந்தயம், என் வாயில் வந்ததற்குக் கணக்கில்லை என்றேன். "சொல்லுக்கு ஈடு சொல்லு கொடுக்காதவ யாரோ அவதான் வாங்கணும். கொடுத்தியா?" என்றாய். வாங்கி வந்தேன். நீ அதில் பாதியைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாய். அன்றிலிருந்து அவர் எனக்குப் போன் செய்யும்போதெல்லாம் முதல் வார்த்தை "எல்லாம் செட்டா சம்பந்தியம்மா?" என்பதுதான். நானும் விடாமல், எதைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். அது எங்களுக்குள் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டில் என் பெண் இன்றைக்கு வரை எல்லோர் வாயையும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறாள். மாமனாருக்கு அதில் ஒரு பெருமைகூட.

போன சம்பாவுக்கு நாற்று விட்ட சமயத்தில் உன்னைப் பார்க்க வந்தேன். படுக்கையில் சாய்ந்திருந்தாய். குரல் தேய்ந்திருந்தது. வால்யூமைக் குறைத்து வைத்திருக்கிறேன், செலவு மிச்சம் என்றாய். நான் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாய். கிளம்பும்போது, "நம்ம செட்டுக்கு இன்னும் சொல்லு கண்டுபிடிக்கலியா மதர்?" என்றாய். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "மெதுவாத் தேடு. அவசரமில்ல" என்றாய்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாளில், அடுக்களையில் நின்றுகொண்டிருந்தபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அந்தக் கொழாயும் நீ மாட்டிக் கொடுத்ததுதான். வாடகை வாங்காமல். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று உன்னைச் சொன்னார்கள். நான் அடுப்பை அணைத்தேன். பாலத்தைத் தாண்டி உன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டே போனேன். கொழாயில் போனதைக் கொழாயில் திருப்பிவிடலாம் என்றாயே. இதை யார் திருப்புவார்கள்?

திருப்ப முடியாததை என்ன செய்வது என்றும் நீ சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதற்குள் போய்விட்டாய். போகட்டும். அதற்காக இந்த மடலை அழுது முடிக்கப் போவதில்லை. நீ பார்த்தால் மூக்கு ஒழுகுகிறது என்பாய்.

இன்று காலை பல் செட்டு வந்தது. டாக்டர் மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடியின் முன்னால் நின்றேன். யாரோ ஒருத்தி பல் நிறைய வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பேசிப் பார்க்க வேண்டுமே. என்னை அறியாமல் என் விரல் எழுந்து கண்ணாடியில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டியது. ஹலோ, மைக் டெஸ்டிங் என்றேன். பிறகு உன் சொல்லைச் சொன்னேன். 'ஷெட்டு' என்று வந்தது. எனக்குப் பொறுக்குமா? அது சரியாக, கூர்மையாக, சிஸ்டருக்குப் பிடிக்கும்படி வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, பாவம் என்பதுபோல விலகிப் போனாள்.

சாயங்காலம் சம்பந்தி போன் செய்தார். எடுத்ததும் நான் போனிலும் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் ரேடியோவை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "கடைக்காரம்மா தட்டுற மாதிரியே இருந்துச்சுங்க" என்றார். அப்புறம் வழக்கப்படி, எல்லாம் செட்டா என்றார். எதைக் கேட்கிறீர்கள் என்று நானும் வழக்கப்படி கேட்டேன். அதை விட்டுவிட்டால் நான் யார்?

ஆனால் உனக்கு மட்டும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். பம்ப் செட் ஓடுகிறது, தண்ணீர் கடைமடை வரை போகிறது. தயிர் நன்றாக உறைந்திருக்கிறது. பல் இன்னும் முழுதாகச் செட் ஆகவில்லை, நேரம் கொடுத்தால் ஆகும். நம்ம செட்டுக்கு ஈடான சொல் கிடைக்கவில்லை. தமிழிலும் பார்த்துவிட்டேன், இங்கிலீஷிலும் பார்த்துவிட்டேன். தோற்றுப்போனேன் என்று எழுதிக் கொடுக்கிறேன், வைத்துக்கொள். முதலில் மெத்தென்று எதையாவது சாப்பிட்டுப் பழகுங்கள் என்றார் டாக்டர். வரும்போது வண்டியைத் திருவையாறு சுற்றி விடச் சொல்லி அசோகா வாங்கி வந்தேன். மேசையில் இரண்டு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றை நான் சாப்பிடுகிறேன். இன்னொன்றையும் நான்தான் சாப்பிட வேண்டியிருக்கும். ஆனால் அது உன் பங்கு.